ஹெல்ப் டெஸ்க்குக்கு முதலில் வேண்டியது சாதனக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அதையொட்டிச் சென்னையில் பல அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் நிர்வாகம் ஐ.டி. பிரிவைக் கேட்டது ஒன்றைத்தான்: நம்மிடம் இருக்கும் சிஸ்டங்களில் எத்தனை விண்டோஸ் 11-ஐத் தாங்கும்? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா, பிராசசர் இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்டதா, 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் உண்டா என்று பார்த்தால் விடை வந்துவிடும். எந்தச் சாதனம் எங்கே, யாரிடம் இருக்கிறது என்று பதிந்துவைக்கும் சாதனக் கணக்கு மென்பொருள் ஒழுங்காக ஓடும் இடத்தில் இது சில நிமிட வேலை. அது இல்லாத இடங்களில் ஆட்கள் மாடி மாடியாக ஏறி, மேஜை மேஜையாகக் குனிந்து, நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள். பணம் கட்டி அப்டேட்டை நீட்டிக்கலாம் என்றாலும், நிறுவனங்களுக்கு அது சிஸ்டம் ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதைப்போல் இரண்டு மடங்கு. எண்ணிக்கை தெரியாமல் அந்தச் செலவுக்கு ஒப்புதல் வாங்கக்கூட முடியாது.

இந்தக் குறை அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. கணினிப் புகார்களைக் கேட்டுச் சரிசெய்யும் ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு அது தினமும் தெரியும்.

"சார், அக்கவுண்ட்ஸ்ல இருந்து பேசறேன். பிரிண்ட் வரமாட்டேங்குது."

"எந்த பிரிண்டர் மேடம்?"

"அந்தக் கருப்பு பிரிண்டர் சார். ஜன்னல் பக்கத்துல இருக்கே."

"மாடல் ஏதாவது போட்டிருக்கா பாருங்களேன்."

"ஏதோ ஸ்டிக்கர் இருக்கு சார், எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கு."

யுஎஸ்பி பிரிண்டரா நெட்வொர்க் பிரிண்டரா, எந்த டோனர், கடைசியாக எப்போது மாற்றியது, வாரண்டியா, ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். பிறகு சர்வீஸ் இன்ஜினியர் வேறொரு மாடல் டோனரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார், இறங்குவார்.

ஒவ்வொரு புகாரையும் ஒரு டிக்கெட்டாகப் பதியும் மென்பொருளைப் பல நிறுவனங்கள் வாங்கியிருக்கின்றன. சாதனப் பட்டியலோ கணக்குப் பிரிவின் எக்செல்லில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: புகாரைக் கொடுத்தவர் பெயரோடு நிறுத்தாமல், கெட்டுப்போன சாதனத்தின் எண்ணில் ஏற்ற வேண்டும். டிக்கெட் சாதன எண்ணில் ஏறிய நாளிலிருந்துதான் ஹெல்ப் டெஸ்க்குக்கு நினைவு வருகிறது.

அதனால் என்ன கிடைக்கும்? முதலில் வாரண்டி. தேதி பார்க்காமல் வெளியில் காசு கொடுத்து மதர்போர்டு மாற்றிய பிறகு, அந்த லேப்டாப்புக்கு வாரண்டி இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது தெரியவருவது இங்கே சர்வசாதாரணம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். டிக்கெட் திறக்கும்போதே வாரண்டி தேதி பக்கத்தில் தெரிந்தால் இது நடக்காது. லேப்டாப்புக்கு மூன்றாண்டு வாரண்டி என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். ஆகவே இரண்டு தேதிகளையும் தனித்தனியே பதிய வேண்டும்.

அடுத்தது, திரும்பத் திரும்பக் கெடும் பெட்டி. ஒரே சிஸ்டத்துக்கு மூன்று மாதத்தில் மூன்று டிக்கெட் வந்தால் நான்காவது முறை ரிப்பேர் பார்ப்பதில் அர்த்தமில்லை, மாற்றிவிடலாம். டிக்கெட்டுகள் ஆள் பெயரில் இருந்தால் இது கண்ணுக்கே படாது. அந்தச் சிஸ்டம் மூன்று பேர் கை மாறியிருக்கும், மூன்று பேர் பெயரிலும் ஆளுக்கொரு புகார் இருக்கும். யுபிஎஸ் பேட்டரியும் இப்படித்தான். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரிகளை ஒரே மாதத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டால், ஏறக்குறைய ஒரே காலத்தில் வரிசையாகப் படுக்கும். இந்த வகை பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மேஜைக்கடியில் காற்றோட்டம் இல்லாமல் கிடக்கும் யுபிஎஸ்ஸுக்குச் சென்னை வெயிலில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி போட்ட தேதி கணக்கில் இருந்தால், முதல் இரண்டு டிக்கெட் வந்ததுமே மீதியை மொத்தமாக மாற்றிவிடலாம்.

இனி, எங்கே தொடங்குவது? மென்பொருளை நிறுவுவதற்கு முன்னால் எண்ணும் வேலை இருக்கிறது. இருவர் இருவராகப் போய், ஒருவர் ஸ்டிக்கர் ஒட்ட, மற்றவர் மொபைலில் சீரியல் நம்பரைப் படம் எடுத்துப் பதிய வேண்டும். ஸ்டிக்கரில் போடும் டேக் எண்ணில் இடத்தையும் பிரிவையும் திணிக்கக் கூடாது. 'மூன்றாம் மாடி, அக்கவுண்ட்ஸ், 7' என்ற பொருளில் எண் கொடுத்தால், அந்தப் பெட்டி முதல் மாடிக்கு நகர்ந்த அன்றே எண் பொய்யாகிவிடும். வெறும் தொடர் எண் போதும். கணினியின் பெயராகவும் அதே எண்ணை வைத்துவிட்டால் ஸ்டிக்கர் கிழிந்தாலும் கவலையில்லை, திரையிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் விண்டோஸ் வெறும் இலக்கங்களைக் கணினிப் பெயராக ஏற்காது, 15 எழுத்தைத் தாண்டவும் கூடாது. ஆகவே முன்னால் ஓர் எழுத்து, பின்னால் ஐந்து இலக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டிக்கரில் சிக்கனம் பார்ப்பவர்கள் ஓராண்டில் வருந்துவார்கள். சூப்பர் மார்க்கெட் எடை பில் போல நேரடி வெப்பத்தில் அச்சாகும் காகித ஸ்டிக்கர், சூட்டிலும் கை உராய்விலும் மங்கிவிடும். பாலியெஸ்டர் ஸ்டிக்கரில் ரெசின் ரிப்பன் கொண்டு அச்சடித்தால் ஆண்டுக் கணக்கில் நிற்கும். எண்ணோடு க்யூஆர் கோடும் இருக்கட்டும். காற்று போகும் துளை மேலும், கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி அல்லது மூடியின் மேலும் ஒட்டக் கூடாது. மூடி மாறினால் எண்ணும் போய்விடும். மானிட்டருக்குத் தனி எண், யுபிஎஸ்ஸுக்குத் தனி எண். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் எண் வேண்டாம். அவை ஸ்டாக்கில் எண்ணிக்கையாக இருந்தால் போதும்.

எண்ணி முடித்த பிறகுதான் ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஏஜெண்ட் மென்பொருளைப் போட்டு, ரேம், டிஸ்க், நிறுவியிருக்கும் புரோகிராம்கள் ஆகியவற்றைத் தானாக வரவழைக்க வேண்டும். இங்கேதான் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல். கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த சிஸ்டங்கள் பலவற்றில், மதர்போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளில் சீரியல் நம்பரே இருக்காது. அந்த இடத்தில் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' (தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது) என்ற வாசகம் அப்படியே நிற்கும். நாற்பது சிஸ்டங்களும் அந்த ஒரே வாசகத்தைச் சீரியல் நம்பராக அனுப்பினால், மென்பொருள் அவற்றை ஒரே சிஸ்டம் என்று எண்ணி ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போகும். காலையில் 8 ஜிபி ரேம் காட்டிய பெட்டி மாலையில் 4 ஜிபி காட்டும். இத்தகைய வாசகங்களைக் கருப்புப் பட்டியலில் போட்டுவிட்டு, கணினிப் பெயரை வைத்து அடையாளம் காணும்படி விதியை மாற்ற வேண்டும்.

இதற்கு அண்ணன் தம்பியாக இன்னும் இரண்டு உண்டு. ஈதர்நெட் போர்ட் இல்லாத லேப்டாப்புகளுக்கு யுஎஸ்பி அடாப்டர் ஒன்றையே மாற்றி மாற்றிச் செருகுவார்கள். நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் மேக் முகவரி அடாப்டருடையது என்பதால், அதை வைத்து அடையாளம் காணும் மென்பொருளுக்கு ஐந்து லேப்டாப்பும் ஒன்றாகத் தெரியும். ஏஜெண்டை நிறுவிய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து பல சிஸ்டங்களில் போட்டாலும் இதே குழப்பம், ஏனென்றால் ஏஜெண்டின் அடையாள எண்ணும் நகலாகிவிடுகிறது. குளோனிங் முடிந்த பிறகு ஏஜெண்டை நிறுவுவதே சரி.

நெட்வொர்க் பிரிண்டர்கள் எஸ்என்எம்பி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக டோனர் அளவையும் பக்கக் கணக்கையும் சொல்லும். இதற்கு யுடிபி 161-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். யுஎஸ்பியில் மட்டும் மாட்டிய பழைய பிரிண்டர்கள் இதில் வராது. சிப் மாற்றாமல் ரீஃபில் செய்த டோனர் காட்டும் அளவையும் நம்ப வேண்டாம், பக்கக் கணக்கைப் பாருங்கள். ஏஜெண்டுக்கு அலமாரிக்குள் இருப்பதும் வீட்டில் அணைந்து கிடக்கும் லேப்டாப்பும் தெரியாது. முப்பது நாளாகத் தகவல் அனுப்பாத சிஸ்டங்களின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவரை நியமிக்க மனமில்லாத நிறுவனம் மென்பொருளையே வாங்க வேண்டாம்.

டிக்கெட் படிவத்தில் சாதன எண்ணைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. அவசரத்தில் இருப்பவர் பட்டியலில் முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போவார். முதல் எண் கொண்ட பெட்டிக்கு ஊரிலுள்ள வியாதி எல்லாம் வந்துசேரும். க்யூஆர் கோடை மொபைலில் காட்டினால் எண் நிரம்பிய படிவம் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்நுழைந்தவர் பெயரில் உள்ள சாதனங்கள் மட்டும் தெரிய வேண்டும். புகார் தருபவருக்குக் கட்டாயம் வேண்டாம். டிக்கெட்டை மூடும் இன்ஜினியருக்குக் கட்டாயம் வையுங்கள்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் திருட்டால் இல்லை, நல்ல எண்ணத்தால். மானிட்டர் போய்விட்டது என்று கூப்பிடுகிறார்கள். இன்ஜினியர் பக்கத்துக் காலி மேஜை மானிட்டரை எடுத்து மாட்டி, ஐந்து நிமிடத்தில் டிக்கெட்டை மூடி, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகிறார். பதிவேட்டில் இப்போது இரண்டு மானிட்டரும் தவறான இடத்தில் இருக்கின்றன. 'எதை எடுத்தாய், எதை வைத்தாய்' என்ற இரண்டு எண்களைப் பதியாமல் இத்தகைய டிக்கெட் மூடக் கூடாது. ரிப்பேருக்கு வெளியே போகும் பெட்டியின் கேட் பாஸிலும் டெலிவரி சலானிலும் அதே டேக் எண்ணோடு சீரியல் நம்பரும் இருக்கட்டும். திரும்பி வருவது அதே பெட்டிதானா என்று பார்க்க வேறு வழியில்லை. வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி நாளை மனிதவளப் பிரிவு முன்கூட்டியே ஹெல்ப் டெஸ்க்குக்கு டிக்கெட்டாக அனுப்ப வேண்டும்.

கணக்குப் பிரிவின் பதிவேடு வேறு, இது வேறு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணைப்படி டெஸ்க்டாப், லேப்டாப்பின் ஆயுள் 3 ஆண்டு, சர்வர் மற்றும் நெட்வொர்க்குக்கு 6 ஆண்டு. புத்தகத்தில் மதிப்பு தேய்ந்த பிறகும் பெட்டி மேஜையில் ஓடிக்கொண்டிருக்கும். 'லேப்டாப் 20' என்று ஒரே வரியில் எழுதிவைத்திருப்பதை இருபது வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் டேக் எண் போட்டால் இரண்டும் பேசத் தொடங்கும். ஆடிட்டர் அறிக்கைக்கான காரோ 2020 உத்தரவு பொருந்தும் நிறுவனங்களில், எத்தனை சொத்து, எங்கே இருக்கிறது என்ற பதிவு முறையாக உள்ளதா என்று ஆடிட்டர் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

இருப்பிடம் என்ற கட்டத்தில் மாடியையும் குறியுங்கள். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. மழை எச்சரிக்கை வந்தவுடன் 'தரைத்தளம்' என்று வடிகட்டினால், தூக்கி மேலே ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல் கையில் வந்துவிடும். பிறகு காப்பீட்டுக்குச் சீரியல் நம்பரும் பில்லும் கேட்கும்போதும் அதே பட்டியல்தான் உதவும். அதன் நகல் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

எந்த மென்பொருள் என்று கேட்பார்கள். ஜிஎல்பிஐ திறந்த மூலம், உரிமக் கட்டணம் இல்லை. சாதனக் கணக்கும் டிக்கெட்டும் அதில் ஒன்றாகவே வரும். ஸ்னைப்-ஐடியும் திறந்த மூலம்தான், கணக்கு வைக்க எளிது, ஆனால் டிக்கெட்டுக்கு வேறு மென்பொருள் வேண்டும். நம்மூரில் வளர்ந்த ஸோஹோவின் மேனேஜ் இன்ஜின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், ஃப்ரெஷ்வொர்க்ஸின் ஃப்ரெஷ்சர்வீஸ் இரண்டிலும் இரு வசதியும் உண்டு. இலவசம் என்று எடுப்பவர்கள் லினக்ஸ் சர்வரையும் பேக்கப்பையும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. சாதனக் கணக்கு இல்லாவிட்டால், பாதிக்கப்பட்ட ஐபி முகவரி யாருடைய மேஜையில் இருக்கிறது என்று தேடுவதிலேயே அந்த ஆறு மணி நேரமும் தீர்ந்துவிடும்.

கடைசியாக, டெண்டரும் பர்ச்சேஸ் ஆர்டரும் எழுதுகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. சப்ளை செய்கிறவர் டெலிவரியின்போதே மாடல், சீரியல் நம்பர், வாரண்டி தொடங்கும் தேதி, முடியும் தேதி ஆகியவற்றை எக்செல் பட்டியலாகத் தர வேண்டும், அது சரிபார்க்கப்பட்ட பிறகே பில் பாஸாகும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த கொள்முதலிலிருந்தே தொடங்கலாம். இதற்குத் தனிச் செலவு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
வாசகர்,
கிண்டி, சென்னை - 32