நாட்காட்டி விட்ஜெட் மறந்தால் ஃபார்மேட் வேண்டாம்: செட்டிநாட்டு மண்டப, விடுதி, கோயில் அலுவலக நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் முன்பதிவு மேசையில் லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த மடல். உங்கள் முகப்பில் உட்கார்ந்து “தையில் எந்த முகூர்த்தம் காலியாக இருக்கு?” என்று ஒரு குடும்பம் கேட்டால், திரை மூலையில் இருக்கும் கடிகாரத்தைச் சொடுக்கி, விரியும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறீர்கள். வாரம் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்க வேண்டும், அரசு விடுமுறை தெரிய வேண்டும், பதிவான நாளுக்குக் கீழே புள்ளி தெரிய வேண்டும் என்று அமைத்து வைத்ததெல்லாம் மறுநாள் காலையில் காணாமல் போகிறது. சரிசெய்ய வருபவர் அந்த நாட்காட்டி விட்ஜெட்டை (திரையில் வைக்கும் சிறு கருவியை) எடுத்துவிட்டுத் திரும்பப் போடுகிறார். மறுபடியும் போகிறது. கடைசியில் “ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்” என்கிறார். காரணம் தெரியாமல் அதற்குச் சம்மதிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறோம். காரணம் கணினியிலேயே இருக்கிறது, கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இங்கே கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பை வைத்தே பேசுகிறோம். ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறோம்.

முதலில், அமைப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் டாட் கான்ஃபிக் என்று ஒரு மறை ஃபோல்டர் உண்டு. டால்ஃபின் என்ற ஃபைல் மேலாளரில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் ‘ஆப்லெட்ஸ்ஆர்சி’ என்று பெயர் முடியும் ஃபைலில் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் ஓர் எண்ணும், அந்த எண்ணின் கீழ் அதன் அமைப்பும் இருக்கும். வாரத்தின் முதல் நாள், வார எண், எந்தெந்த நாட்காட்டிச் செருகி (ப்ளகின்) இயங்க வேண்டும் என்பவை இங்கே. எந்த நாட்டு விடுமுறை என்பது ‘பிளாஸ்மா காலண்டர் ஹாலிடே ரீஜன்ஸ்’ என்ற தனி ஃபைலில். உங்கள் முன்பதிவு நாட்காட்டியைக் காட்டுவது பிம் ஈவென்ட்ஸ் என்ற செருகி; அதன் தேர்வு ‘பிளாஸ்மாஷெல்ஆர்சி’ ஃபைலில் இருக்கிறது, நிகழ்ச்சிகளோ அகோனாடி என்ற பின்னணிச் சேவையின் வழியாக வருகின்றன.

விட்ஜெட்டை எடுத்தால் அதன் எண்ணும் அந்த எண்ணின் கீழ் இருந்த அமைப்பும் சேர்ந்து அழியும். திரும்பப் போட்டால் புது எண், எல்லாம் இயல்பு நிலை. ஆகவே எடுத்துவிட்டுப் போடுவதைப் பழுது பார்ப்பதாக நாங்கள் எண்ணவில்லை. மிச்சமிருந்த தடயத்தையும் அது துடைத்துவிடுகிறது.

எது போனது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். வாரத் தொடக்கம் மாறி, செருகிகளை மறுபடி இயக்கியதும் விடுமுறையும் நிகழ்ச்சியும் பழையபடி வந்தால் விட்ஜெட்டின் எண் மாறியிருக்கிறது. முன்பதிவுப் புள்ளிகள் மட்டும் போனால் அகோனாடியைப் பாருங்கள்: நீங்கள் டிக் செய்த நாட்காட்டியை அது கொடுத்த எண்ணால்தான் விட்ஜெட் நினைவில் வைக்கிறது, பெயரால் அல்ல. கணக்கை நீக்கிச் சேர்த்தால் பெயர் அதேதான், எண் வேறு. அமைப்புப் பக்கத்தில் மறுபடி டிக் செய்தால் போதும். செருகிகளை இயக்கியும் மூன்றும் திரும்பாவிட்டால் தொல்லை ஹோம் ஃபோல்டரில்.

இப்போது சோதனை. கடிகாரத்தின் மேல் வலது சொடுக்கு, அமைப்பு, நாட்காட்டிப் பக்கம். அங்கே வார எண்களைக் காட்டும் கட்டத்தை டிக் செய்து அப்ளை கொடுங்கள். வேறெதையும் அல்லாமல் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயல்பு மதிப்பை கேடிஇ ஃபைலில் எழுதுவதே இல்லை. இயல்பாகவே இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃபைலில் வரி வரவில்லையே என்று தேடினால் நாள் முழுக்கத் தேடலாம். வார எண் இயல்பில் அணைந்திருக்கும். அதை இயக்கினால் வரி வந்தே ஆக வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து ஆப்லெட்ஸ்ஆர்சியின் கடைசி மாற்ற நேரத்தைப் பாருங்கள். பிறகு லாக் அவுட் செய்து உள்ளே வந்து பாருங்கள். பிறகு ரீஸ்டார்ட். எந்தப் படியில் டிக் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாற்ற நேரம் நகரவே இல்லை என்றால் எழுதவே முடியவில்லை என்று பொருள். மண்டபங்களில் முதலில் பார்க்க வேண்டியது வட்டின் இடம். போட்டோகிராபர் கொடுத்த கல்யாண வீடியோவும் ஆல்பமும் முன்பதிவுக் கணினியில் குவிந்தால் வட்டு நிரம்பும். டெர்மினலில் ‘டிஎஃப் -எச்’ கொடுத்து, ஹோம் இருக்கும் வரியில் 100% என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் வடிவ வட்டில் வழக்கமாக 5% இடம் ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்குக்கு, ஒதுக்கப்பட்டிருக்கும். அதனால் கணினி ஒழுங்காக பூட் ஆகும், ரூட் வேலையெல்லாம் நடக்கும். சாதாரண யூசருக்கு மட்டும் ஓர் எழுத்துகூட எழுத இடமிருக்காது. பிளாஸ்மா பழைய ஃபைலின் மேலேயே எழுதுவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலில் முழுவதும் எழுதி, முடிந்த பிறகே பெயரை மாற்றுகிறது. இடமில்லாமல் பாதியில் நின்றால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். அமைப்பு குழம்பிப் போகாமல், சுத்தமாக நேற்றைய நிலைக்குத் திரும்பி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இடம் இருந்தும் எழுதவில்லை என்றால் உரிமையைப் பாருங்கள். பேக்கப்பை சுடோ (ரூட் அதிகாரத்தில் இயக்கும் கட்டளை) போட்டுத் திரும்பக் கொண்டுவந்திருந்தால் ஃபைல்கள் ரூட் பெயரில் நிற்கும். உள்ளே நுழைந்ததும் ‘கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுத முடியவில்லை, நிர்வாகியை அணுகவும்’ என்ற பொருளில் ஒரு பெட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம். ஹோம் ஃபோல்டரில் நின்று ‘எல்எஸ் -எல்ஏ .கான்ஃபிக்’ கொடுத்தால் ஃபோல்டரும் ஃபைல்களும் யார் பெயரில் இருக்கின்றன என்று தெரியும். தற்காலிக ஃபைல் உருவாக வேண்டியிருப்பதால் ஃபைலுக்கு மட்டுமல்ல, ஃபோல்டருக்கும் உங்கள் யூசர் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமையை மாற்றும் கட்டளை இது: ‘சுடோ சோன் -ஆர்’, யூசர் பெயர், ஃபோல்டர் பெயர். இதில் ஆர் மட்டும் பெரிய எழுத்து. அமைப்பு மாறாமல் இருக்கட்டும் என்று அந்த ஃபைலை யாராவது பூட்டி வைத்திருந்தால் அதையும் எடுங்கள்.

லாக் அவுட்டைத் தாண்டி நின்ற அமைப்பு ரீஸ்டார்ட்டில் போகிறது என்றால், வட்டில் எழுதியது அழிக்கப்படுகிறது. கணினி வாங்கிய இடத்தில் ‘யாரும் கெடுக்க முடியாதபடி’ உறைநிலையில், அதாவது ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய நிலைக்கே திரும்பும்படி, வைத்துக் கொடுத்திருக்கலாம். லாக் அவுட்டிலேயே போகிறது என்றால் நீங்கள் விருந்தினர் கணக்கில் வேலை பார்க்கலாம். விருந்தினர் கணக்கின் ஹோம் தற்காலிகமானது. வெளியே வந்ததும் மொத்தமாக அழிவதற்கென்றே அமைந்தது. இதற்கு விட்ஜெட்டில் எந்த மருந்தும் இல்லை. மேசைக்கு ஒரு நிலையான யூசர் கணக்குத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஃபைலில் எல்லா வரியும் இருக்கிறது, திரையில் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது திரைதான். டெஸ்க்டாப்பும் பேனலும் எந்தத் திரையில் இருந்தன என்பதை பிளாஸ்மா எண்ணாகக் குறித்து வைக்கிறது. வரவேற்புக் கூடத்து டிவியை எச்டிஎம்ஐ-யில் செருகி எடுத்தால் அந்த எண் இடம் மாறிக்கொள்ளலாம். பழைய பேனல், அதிலிருந்த கடிகாரத்தோடு இல்லாத திரையில் காத்திருக்கும். கேபிளைப் பழையபடி செருகி, டிஸ்ப்ளே அமைப்பில் முதன்மைத் திரையைச் சரிசெய்து பாருங்கள். அதற்கு முன் புது விட்ஜெட் போட வேண்டாம்.

நோம் என்ற மற்றொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் கணக்கு வேறு. அங்கே எல்லாம் டிகான்ஃப் என்ற ஒரே பைனரி ஃபைலில். அது இயங்காவிட்டால் அமைப்புகள் நினைவகத்தில் மட்டும் நின்று, வெளியே வந்ததும் போய்விடும். நிரலை டெர்மினலிலிருந்து திறந்தால் ‘மெமரி பேக்எண்ட்’ என்ற எச்சரிக்கை வரும்.

மெயின் சுவிட்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விசேஷம் முடிந்து கூடத்தைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்ளை கொடுத்த மறுவிநாடியே எதுவும் வட்டுக்குப் போவதில்லை. பிளாஸ்மா சில விநாடிகள் சேர்த்து வைத்து எழுதும். அதன் பிறகு ஓஎஸ்ஸின் மையமான கர்னலும் தன் பங்குக்குச் சிறிது நேரம் வைத்திருக்கலாம். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் அந்த மாற்றம் போனதுதான். வேலை முடித்தவர் முறையாக ஷட் டவுன் செய்து, திரை அணைந்த பின் மெயினைத் தொடட்டும். ஒரு சிறிய யூபிஎஸ் அதற்குப் போதும்.

நாட்காட்டி தப்பான தேதி காட்டுவதையும் ‘அமைப்பு போய்விட்டது’ என்றே சொல்கிறார்கள். அது வேறு நோய். பழைய கணினியில் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால், மெயினை அணைத்த மறுநாள் தேதி பல ஆண்டு பின்னால் போகும். 3 வோல்ட் பேட்டரி, மாற்றினால் சரி. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் கணினியில் வேறொன்று நடக்கும்: விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்து 5 மணி 30 நிமிடம் கூட்டும். இணையமும் இல்லை என்றால், மாலை 6.30-க்கு மேல் நாட்காட்டி நாளைய தேதியை இன்று என்று காட்டும். முகூர்த்தம் பதிகிற மேசையில் இது விளையாட்டல்ல. ‘டைம்டேட்சிடிஎல்’ என்று தட்டி, ஆர்டிசி (வன்பொருள் கடிகார) நேரமும் யூடிசி நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, நம் நாட்கள். பிளாஸ்மா 5.26 முதல் மாற்று நாட்காட்டி காட்டும் வசதி உண்டு. அதிலுள்ள இந்திய நாட்காட்டி, 1957-ல் அரசு ஏற்ற சக நாட்காட்டி. சைத்திரம் மார்ச் 22-ல் தொடங்கும், லீப் ஆண்டில் 21-ல். சித்திரை 1-ஐ அதில் தேடாதீர்கள். பிள்ளையார் நோன்பும் தைப்பூசமும் விடுமுறைப் பட்டியலை நம்பி விடக்கூடியவை அல்ல. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி வருகிற நோன்பை ‘ஆண்டுதோறும் இதே தேதி’ என்று பதிந்தால் அடுத்த ஆண்டே தப்பாகும். பஞ்சாங்கம் வந்ததும் முகூர்த்தம், கரிநாள், உங்கள் கோயில் திருவிழா, படைப்பு (முன்னோர் வழிபாடு) நாள் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒரு ஐசிஎஸ் ஃபைலாக (நாட்காட்டி நிகழ்ச்சிகளுக்கான ஃபைல் வகை) செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முழு நாள் நிகழ்ச்சியாகவே பதியுங்கள். நள்ளிரவு 12 மணி என்று யூடிசி நேரத்தில் பதிந்தால் நம் திரையில் காலை 5.30 என்று வரும். ஃபைலைக் கையால் எழுதுகிறவர்கள், முடியும் தேதியாக மறுநாளைப் போட வேண்டும்: 10 முதல் 12 வரை மண்டபம் பதிவென்றால் முடிவு 13. இதைத் தவறவிட்டால் கடைசி நாள், பெரும்பாலும் திருப்பூட்டு (தாலி கட்டு) முடிந்து கூடத்தை ஒதுங்க வைக்கும் நாள், காலியென்று தெரியும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது இவை. கணினி பார்க்க வருபவரிடம் ரசீதில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்: வட்டு நிரம்பியதா, உரிமையா, உறைநிலையா, திரையா. ‘சாஃப்ட்வேர் பிராப்ளம்’ என்ற ஒற்றை வரியை ஏற்க வேண்டாம். ஃபார்மேட் என்று சொன்னால், முதலில் ஒரு புது யூசர் கணக்குத் திறந்து அதில் அமைப்பு நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நின்றால் ஓஎஸ் நலமாக இருக்கிறது, கோளாறு பழைய ஹோமில் மட்டுமே. ஃபார்மேட்டுக்கு அங்கே வேலையில்லை. ஓஎஸ் பதிப்பை உயர்த்தும் முன், வெளியிலிருந்து இறக்கிய நாட்காட்டி விட்ஜெட் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல், 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகள் திருத்தி எழுதப்படாவிட்டால் திறக்காது.

மேலே சொன்ன மூன்று ஃபைல்களையும் ஐசிஎஸ் ஃபைலையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுப்பதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். திரும்பப் போடும்போது மட்டும் டெஸ்க்டாப் ஓடக் கூடாது, ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்மா வெளியேறும்போது தன் நினைவில் இருப்பதை அந்த ஃபைலின் மேலேயே எழுதிவிடும். லாக் அவுட் செய்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, எழுத்துத் திரையில் அதே யூசராக நுழைந்து நகலெடுக்க வேண்டும். சுடோ இல்லாமல்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டாரத்தில் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்போர்