முகாமில் படம் எடுப்பது குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நம் பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் ஏழு நாள் சிறப்பு முகாம் நடக்கவிருக்கிறது. பிளஸ் ஒன் மாணவ மாணவியர் பக்கத்து ஊர்க் கண்மாய்க் கரையில் பனை விதை நடுவார்கள். ஊருணிப் படித்துறையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அகற்றுவார்கள். ஒரு நாள் முழுக்க, தனித்து வாழும் முதியவர்களின் வீடுகளில் வேலை செய்வார்கள். தங்குமிடம், சாப்பாடு, பொறுப்பாசிரியர்கள் பற்றிய விவரமெல்லாம் திட்ட அலுவலர் அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறது. நான் இந்தக் கடிதம் எழுதுவது வேறொன்றுக்காக: முகாமில் யார் படம் எடுப்பார்கள், எதை எடுப்பார்கள், எது பள்ளியின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குப் போகும், எது ஒருபோதும் போகாது என்பதைச் சொல்வதற்காக.

படமே வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். நம் பிள்ளைகள் வெயிலில் நின்று செய்யும் வேலையை ஊர் பார்க்க வேண்டும். பள்ளிப் பக்கத்தில் வந்த படங்களைப் பார்த்துத்தான் வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் மண்வெட்டியும் கடப்பாரையும் வாங்கி அனுப்பினார்கள். பக்கத்து ஒன்றியத்துப் பள்ளி ஒன்றிலிருந்து, பனை விதை எங்கே சேகரித்தீர்கள் என்று கேட்டு அழைத்தார்கள். நல்ல வேலை பரவுவதற்குப் படம் உதவுகிறது. ஆனால் அந்தப் படத்துக்காக யாரும் தலைகுனிய நேரக் கூடாது.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெளியூரிலிருந்து உதவிப் பொருள்களுடன் ஒரு குழு வந்தது. நோக்கம் நல்லதுதான். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஓர் அப்பத்தாவை அழைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையைக் கையில் கொடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று பையைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள். அடுத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். அவரும் சிரித்தார். அன்று மாலையே அந்த வீடியோ, சோகமான பின்னணி இசையோடு, கைபேசி கைபேசியாகச் சுற்றியது. அந்த அப்பத்தாவின் பேரன் நம் பள்ளியில் படிக்கிறான். வகுப்பில் யாரோ அவனிடமே அதைக் காட்டியிருக்கிறார்கள். அவன் சில நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: “அரிசி தீர்ந்துபோச்சு ஐயா, அந்தப் படம் எப்போ தீரும்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இருக்காது. ஒருவர் பதிவை நீக்கினாலும், அதற்குள் பதிவிறக்கம் செய்தவர்களின் கைபேசியில் அது இருந்துகொண்டே இருக்கும். ஆகவே நம் முகாமுக்கு ஒரு விதி: கொடுப்பதையும் வாங்குவதையும் யாரும் படம் எடுக்கக் கூடாது. முதியவர் வீட்டில் கூரைக்குக் கீற்று மாற்றினால் மாற்றிய கூரையை எடுக்கலாம். முற்றத்தைப் பெருக்கினால் பெருக்கிய முற்றத்தை எடுக்கலாம். அதையும் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். வீட்டுக்குள் கேமரா போகாது. நோயில் படுத்திருப்பவர், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், கண் கலங்கி நிற்பவர், இவர்களில் யாரும் நம் பக்கத்தில் வர மாட்டார்கள். சிறப்பு விருந்தினர்களிடமும் நன்கொடையாளர்களிடமும் இதை நானே நேரில் சொல்லிவிட்டேன். படம் இல்லாமல் கொடுக்க மனமில்லாதவர்கள் இந்த முறை கொடுக்க வேண்டாம்.

முகாம் முழுவதும் படம் எடுக்கும் பொறுப்பு நான்கு மாணவர்களுக்கு, இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். பள்ளியின் கேமராவையும் பள்ளிக்கென்று உள்ள ஒரு கைபேசியையும் மட்டும் பயன்படுத்துவார்கள். அவர்களும் முறை வைத்து மண்வெட்டி பிடிப்பார்கள். ஏழு நாளும் வேடிக்கை பார்க்கிறவர்களாக யாரும் இருக்க மாட்டார்கள். நம் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறார்கள். ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்ல ஆசை.

பனை விதை நடவைப் படம் பிடிப்பது எளிதல்ல. மரக்கன்று நட்டால் படத்தில் பச்சையாக ஏதாவது தெரியும். பனை விதையைக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளிவிட்டால் வெறும் மண்தான் தெரியும். விதையின் முளை முதலில் கீழே இறங்கும். பொங்கலுக்கு நாம் தோண்டி அவித்துத் தின்னும் கிழங்கு அந்த விதையிலிருந்து இறங்குவதுதான். மண்ணுக்கு மேலே முதல் ஓலை தலைகாட்டவே மாதங்கள் ஆகும். மரமாகிப் பாளை விட, இன்று நடும் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறக்கும் காலம் வந்துவிடும். அப்படியிருக்க, நட்ட அன்றே பிரமாதமாகத் தெரிய வேண்டும் என்று வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு விதையைக் கையில் தூக்கிப் பிடிக்கச் சொல்லி எடுக்கும் படத்தால் யாருக்கு என்ன பயன்?

அதனால் மாணவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்மாயில் மிகுதி நீர் வெளியேறும் கலுங்கின் கல்லில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் போட்டிருக்கிறார்கள். கேமராவை அந்த அடையாளத்தின் மேல் வைத்து, கரையை நோக்கி, வேலை தொடங்கும் முன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாயில் தண்ணீர் ஏறிய பிறகு அதே இடத்திலிருந்து இன்னொன்று. பொங்கல் கழித்து ஒன்று, அடுத்த காலாண்டு விடுமுறையில் ஒன்று. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நட்டதோடு போய்விடாமல் திரும்பி வந்து பார்க்க வைக்கும் என்பதால் பிடித்திருக்கிறது.

கைகளை எடுக்கச் சொல்லியிருக்கிறோம். விதையின் கண் பகுதி கீழே இருக்கும்படி குழியில் வைக்கும் விரல்கள், மண்வெட்டிக் கணையில் காய்த்த உள்ளங்கை, முள் குத்தி மஞ்சள் பற்றுப் போட்ட கட்டைவிரல். வீடியோ என்றால் கைபேசியைப் படுக்கை வாக்கில் பிடித்து, ஒரு காட்சிக்குப் பத்துப் பதினைந்து விநாடி அசையாமல் நிற்க வேண்டும். கரையில் காற்று இரையும். பேசுகிறவருக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றால்தான் பேச்சு விளங்கும். திரைப்படப் பாட்டைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம். காப்புரிமைக் காரணத்தால் சில நேரம் ஒலியை முடக்கிவிடுகிறார்கள் என்பது ஒருபுறம். கடப்பாரை மண்ணில் இறங்கும் ஓசைக்கு ஈடான பின்னணி இசை ஏது என்பது என் கட்சி.

இனி உங்கள் பிள்ளைகளைப் பற்றி. இத்துடன் ஓர் ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். 2023 இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். படிவத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முகம் தெரியும் படத்தைப் பள்ளிப் பக்கத்தில் போடலாமா, முகம் தெரியாத படம் மட்டும் போடலாமா, எதுவுமே வேண்டாமா. வேண்டாம் என்று எழுதினால் ஏன் என்று கேட்க மாட்டோம். சில வீடுகளில் அதற்குக் காரணம் இருக்கும். அதை ஆசிரியர் அறையில் விளக்க வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. நீங்கள் சரி என்று எழுதினாலும் பிள்ளை வேண்டாம் என்றால் பிள்ளையின் சொல்லே செல்லும்.

ஒப்புதல் தராத மாணவர்களுக்குக் கையில் வேறு நிறப் பட்டை கட்டிவிடலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. ஒரு பிள்ளையை மறைப்பதற்காக ஊரறிய அடையாளம் போடுவது சரியாகாது. பெயர்ப் பட்டியல் திட்ட அலுவலரிடம் இருக்கும். ஒவ்வொரு படத்தையும் அவரும் நானும் பார்த்த பிறகே பதிவேற்றுவோம். அதுவும் அன்றன்றைக்கு அல்ல, முகாம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பின்னரே. பிள்ளைகள் இரவில் எந்தக் கட்டடத்தில் தூங்குகிறார்கள் என்பதை நாமே ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. படத்தின் கீழே மாணவர் பெயர் வராது. கேமராச் செயலியில் இட விவரப் பதிவை அணைத்துவிடுவோம். அறிக்கைக்கு இடக்குறியிட்ட படம் வேண்டியிருந்தால் அதில் கரையும் குழியும் மட்டும் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தந்தையர் பலர் நம் பெற்றோரில் உண்டு. மகள் மண்வெட்டி பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு இருக்கும் ஏக்கம் எனக்குத் தெரியும். போன முகாமின்போது ஒருவர், இரவுப் பணி முடித்து அறைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பள்ளிப் பக்கத்தைத்தான் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர்களுக்காக ஓர் ஏற்பாடு: ஒவ்வொரு நாள் இரவும் சாப்பாட்டுக்குப் பின், பொறுப்பாசிரியர் உங்கள் பிள்ளையின் படத்தை உங்கள் எண்ணுக்குத் தனியாக அனுப்பி வைப்பார். ஒரு வேண்டுகோள் மட்டும். அந்தப் படத்தில் வேறு பிள்ளைகளும் நின்றால் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். உங்கள் மகனுக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளலாம். அவன் தோளில் கை போட்டு நிற்கும் பையனுக்கு அவன் வீட்டார்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் சொந்தக் கைபேசி கொண்டுவர அனுமதி இல்லை. அவசரத்துக்கு ஆசிரியர்களின் எண்கள் உங்களிடம் இருக்கின்றன. எந்த நேரத்திலும் அழைக்கலாம். அரிவாளும் கடப்பாரையும் புழங்கும் இடத்தில் ஒரு கையில் கைபேசியோடு நிற்பது ஆபத்து. கருவேல முள் கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

முகாம் பார்க்க வரும் பெற்றோரும் கைபேசியைப் பையிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வெறுங்கையோடு நிற்கத் தோன்றாவிட்டால் குழி வெட்டலாம். கருவிகள் கூடுதலாகவே இருக்கின்றன.

எங்கிருந்தாவது உங்கள் பிள்ளையின் படம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாகத் தெரிந்தால், அல்லது படத்தை மாற்றி யாராவது மிரட்டினால், பிள்ளையைத் திட்டாதீர்கள். நள்ளிரவானாலும் என்னை அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இணையக் குற்ற உதவி எண் 1930. இரண்டையும் படிவத்தின் பின்புறத்திலும் அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பகுதியைக் கிழித்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை நிரப்பி, பெற்றோரும் மாணவரும் கையொப்பமிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் மாலை நான்கரை மணிக்கு மேல் பள்ளிக்கு வந்தால் நானே படித்துக் காட்டி நிரப்பித் தருகிறேன். படிவம் வராத பிள்ளையின் படம் எதுவும் வெளியாகாது. ஆனால் முகாமில் அவர்களுக்கு மற்றவர்களைப் போலவே முழு இடம் உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்