லைசென்ஸ் வேணாம்னு ஒரு பேப்பர் குடுங்க ஐயா

வயர்லெஸ் செட்டுக்கு ரூல் போடுற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில நாலு ஏக்கர் காபியும் மிளகும் வச்சிருக்கறவன் எழுதுறேன்.

சிபி ரேடியோ, அதாங்க சாதாரண ஜனங்க கிட்டத்துல பேசிக்கிற வாக்கி டாக்கி மாதிரி செட்டு, அதைப் பத்தி நான் சொல்லி உங்களுக்குத் தெரியணும்னு இல்ல. 26.957-ல இருந்து 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 5 வாட்டுக்கு மேல போகாம இருந்தா லைசென்ஸே வேணாம்னு 2005-லயே ரூல் போட்டது நீங்கதான். அதை நம்பித்தான் ரெண்டு செட்டு வாங்குனேன்.

ஏன் வாங்குனேன்னு கேளுங்க. தை மாசம் மிளகு பறிப்பு, ஒத்தை மூங்கில் ஏணிய சில்வர் ஓக் மரத்துல சாத்தி ஏறுன அண்ணன் ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டாரு, இடுப்புல அடி. ஜீப்பு மேல ரோட்டுல நிக்குது, நாங்க கீழ பள்ளத்துல, போன்ல ஒரு கோடு கூட இல்ல. எங்க பக்கம் சிக்னல் பாறைன்னே ஒரு பாறை இருக்குங்க, அதுல ஏறி கைய தூக்கிப் பிடிச்சாத்தான் ரிங்கு போகும். பையன் ஓடிப்போய் அதுல ஏறி டிரைவருக்கு சொல்லி ஜீப்பு வந்து சேர முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் சாக்கு விரிச்சுப் படுத்துருந்தவரு தண்ணி தண்ணின்னு கேட்டுட்டே இருக்காரு, குடுக்கலாமா கூடாதான்னு கேக்கக்கூட எங்களால ஒரு ஆளப் பிடிக்க முடியல.

அப்புறம்தான் ஈடிஏ சர்டிபிகேட், அதாவது செட்டு ரூல்படி இருக்குன்னு கவர்மென்ட் குடுக்குற சான்று, இருக்கான்னு பாத்து, பில்லோட செட்டு வாங்குனோம். கரகரன்னுதான் கேக்கும், ஆனா கேட்டுச்சு. "மேல வளைவுல காட்டுமாடு நிக்குது, பொம்பளையாளுங்கள அனுப்பாதீங்க"ன்னு சொன்னா கீழ தெளிவா புரிஞ்சுது, எங்களுக்கு அது போதும்.

ஒரு மாசம் ஓடல. வழியில ஒரு செக்போஸ்ட்ல செட்டப் பாத்துட்டு லைசென்ஸ் எங்கன்னாங்க. வேணாம் சார்னேன். வேணாம்னு எழுதுன பேப்பர் எங்கன்னாங்க. ரூல பிரிண்ட் எடுத்து நீட்டுனேன், இங்கிலீஷ்ல இருக்கு, ரெண்டு பக்கம் புரட்டிட்டு, செட்டு ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டு, பெரிய ஆபீஸ்ல கேட்டுட்டு வான்னுட்டாங்க. ஆறு தடவ போயிட்டேன், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி, பஸ் காசு. அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, அவங்களுக்கு யாரு சொன்னா?

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. இந்த அலைவரிசை, இத்தனை வாட்டு, இந்த சர்டிபிகேட் இருந்தா லைசென்ஸ் தேவையில்லன்னு தமிழ்ல ஒரே ஒரு பக்கம் அடிச்சு ஸ்டேஷனுக்கும் செக்போஸ்ட்டுக்கும் அனுப்புங்க.

2025-ல ஆன்லைன்ல கண்ட வாக்கி டாக்கியும் வித்தாங்கன்னு கவர்மென்ட் பிடிச்சுது, சரிதான், அலைவரிசை கூட போடாம வித்தா பிடிக்கத்தான் வேணும். ஆனா முறையா வாங்குனவனும் திருடனும் ஒரே வரிசையிலயா நிக்கணும்? அமெரிக்காவுல 1983-லயே சிபிக்கு லைசென்ஸ எடுத்துட்டாங்க, லாரிக்காரங்க 19-ஆம் சேனல்ல ஊர்க்கதை பேசிட்டுப் போறாங்க. இங்க டவரும் வராதாம், டவர் இல்லாதவன் அவனா ஒரு வழி பண்ணிக்கிட்டா அதுவும் ஆகாதாம், கேட்டா டிஜிட்டல் இந்தியா. பொம்மை ரிமோட் கார் பலதும் ஓடுறதே இதே 27 மெகாஹெர்ட்ஸ்லதான், எம் பேரன்கிட்டயும் ஒண்ணு இருக்கு, வேணும்னா அதையும் வந்து ஜப்தி பண்ணிட்டுப் போங்க!

கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கங்க. அந்த ஒரு பக்கத் தமிழ் பேப்பர் மட்டும் தயவு பண்ணி சீக்கிரம் அனுப்புங்க, அடுத்த பறிப்புக்கு முன்னாடி வந்துட்டா புண்ணியமாப் போகும். செட்டு ரெண்டும் இன்னும் அந்த செக்போஸ்ட் பீரோவுலதான் கிடக்கு. அதுவரைக்கும் பேட்டரியவாச்சும் கழட்டி வைக்கச் சொல்லுங்க, ஊதிப்போயிரும்.