அலட்சியம் எங்களுடையது அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கவாதத்தைக் கண்டறியும் கையடக்கக் கருவிகள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவளால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை. கடைசிப் பத்திக்கு வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. "ம்?" என்றாள். "எந்தக் கருவி வந்தாலும் குடும்பத்தாரின் அலட்சியம் போகாதவரை பயனில்லை" என்ற அந்த வரியை எப்படி அவளிடம் வாசிப்பது?

அவளுக்கு அப்போது 47 வயது. காலை 6.15 மணி. தலை வாரிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். வலது கை சீப்பின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது, விரல்கள் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண்கள் இரண்டும் இடப்பக்கமே போய் நிலைகுத்தியிருந்தன. வலப்பக்கம் நின்று கூப்பிட்ட என்னை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. 6.20க்கு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். 7 மணிக்கு முன்னால் மருத்துவமனை வாசலில் இருந்தோம். இதில் எங்கள் அலட்சியம் எது என்று கட்டுரையாளர் காட்டட்டும்.

அங்கே வேகமாகத்தான் பார்த்தார்கள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும், குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். பிறகு எடுத்த ஆஞ்சியோவில்தான் மூளையின் பெரிய ரத்தக்குழாயே அடைத்திருப்பது தெரிந்தது. தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும், அந்த வசதி இங்கே இல்லை என்றார்கள். இன்னொரு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பு, இன்னொரு மருத்துவமனை, மறுபடி ஸ்கேன். கட்டி வெளியே வந்தபோது மணி 11.20. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள், அதாவது மூளை நரம்பணுக்கள், அழிகின்றன என்று 2006இல் வந்த கணக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் காலை நேரத்தை அதோடு பெருக்கிப் பார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

இந்தக் கருவிகள் பிறந்ததே அந்த நான்கு மணி நேரத்துக்காகத்தான் ஐயா. 'பக்கவாதமா இல்லையா என்று சொல்லும் கருவி' என்று மட்டும் எழுதிவிட்டுக் கட்டுரையாளர் நகர்ந்துவிட்டார். பக்கவாதத்தைச் சந்தேகிக்க வாய் கோணுவதும் கை தளர்வதும் பேச்சு குழறுவதும் பெரும்பாலும் போதும். ஆம்புலன்ஸில் நிச்சயமாகத் தெரியாமல் போவது, அடைத்திருப்பது சின்னக் கிளையா பெருங்குழாயா என்பதுதான். பெருங்குழாய்க் கட்டி மருந்துக்குப் பல நேரம் கரைவதில்லை. அதை வெளியே எடுப்பதால் எவ்வளவு பயன் என்று 2015இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகள் காட்டிவிட்டன. அதனால்தான் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும், தலையில் மாட்டும் மின்முனைத் தொப்பியை நெதர்லாந்தில் ஆம்புலன்ஸிலேயே சோதித்தார்கள். நெற்றியைச் சுற்றி மாட்டி, ரேடியோ அலைகளால் மூளையின் இரு பக்கத்தையும் ஒப்பிடும் கருவியின் ஆய்வு 2018இல் வந்தது. நெற்றிப்பொட்டு வழியாக அல்ட்ராசவுண்ட் பார்ப்பதும் உண்டு, ஆனால் சிலருக்கு அந்த எலும்பு ஒலியை உள்ளே விடாது. இவை எதுவும் ஸ்கேனுக்கு மாற்று அல்ல. கசிவா அடைப்பா என்று ஸ்கேனில் பார்க்காமல் கரைக்கும் மருந்தைத் தரக்கூடாது. 'இவரை எங்கே கொண்டுபோவது' என்ற ஒரு கேள்விக்கு வண்டி கிளம்பும்போதே பதில் கிடைத்தால் அதுவே பெரிது. எங்களுக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் தங்கள் குறிப்புகள் பக்கத்தில், பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தீர்கள். அதில் எந்தப் பயனும் இல்லை என்று அப்போதே எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அன்று காலை பக்கத்து வீட்டம்மா ஊசியோடுதான் ஓடிவந்தார். அவர் கையைப் பிடித்து நான்தான் தடுத்தேன். அவரும் தங்கள் வாசகர்தான், நல்ல எண்ணத்தில்தான் வந்தார். பக்கவாதத்தை 'முதுமையின் நோய்' என்று தலைப்பிட்ட இதழையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், கரைக்கும் மருந்துக்கான நாலரை மணி நேரம் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பது ஒன்று. கட்டியை எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனை எது என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதே கேளுங்கள் என்பது மற்றொன்று. அந்த அலட்சிய வரியைத் திரும்பப் பெற்றால் நன்றியுடையவனாவேன்.

பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்