செயலாளரின் ஆண்டறிக்கை 2024: எவோவும் வீராவும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே

நம் கார்ச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வழியில் வழக்கம்போல் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்கு அணிவகுத்துப் போய் வந்தோம். தாப்பா ஏற்றத்தில் ஒரு காரின் ரேடியேட்டர் குழாய் வெடித்தது, மற்றபடி குறையொன்றும் இல்லை. இரத்த தான முகாம் நடந்தது. தீபாவளி விருந்தில் சாப்பாடு மிஞ்சவில்லை. செயலவைக் கூட்டங்கள் கூட்டப்பட்டன. வருகைப் பதிவேட்டை யாரும் வாங்கிப் பார்க்கலாம், பார்த்தால் எனக்கும் நல்லது.

அடுத்து, பதாகை விஷயம். விருந்தன்று மண்டபத்தில் வைத்த ஆறு பதாகைகளைப் பற்றி வாட்ஸாப் குழுவில் நிறைய பேச்சு. 'சங்கப் பணத்தில் செயலாளர் பொழுதுபோக்குகிறார்' என்று ஒருவர் எழுதினார், பலர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஆகவே இதை விளக்க வேண்டியது என் கடமை.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜப்பானிலிருந்து ஏபி என்ற இறக்குமதி அனுமதியில் இறங்கிய அசல் மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், அதாவது எவோ, வைத்திருப்பவர்கள் மட்டுமே முழு உறுப்பினர்கள். நம் மலேசியாவின் புரோட்டோன் வீராவில் டர்போ இன்ஜினைப் போட்டு ஓட்டுகிறவர்கள் துணை உறுப்பினர்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது என்பது அதன் சாரம். 'ராலி இரத்தம் உள்ள கார்தான் எவோ' என்று ராலிக் கார்ப் பந்தயத்தை மனதில் வைத்து முன்மொழிந்தவர் பேசினார். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. விவரம் திரட்டிச் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்தீர்கள். திரட்டினேன். அதுதான் பதாகை.

முதல் பதாகை இந்தக் கார் ஏன் பிறந்தது என்பது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மிட்சுபிஷி ராலியில் ஓட்டியது கேலன்ட் விஆர்4. இன்ஜின் நல்ல இன்ஜின், ஆனால் உடம்பு பெரியது. அந்த 2.0 லிட்டர் 4ஜி63 டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் சிறிய லான்சருக்குள் இறக்கினார்கள். ராலியின் குரூப் ஏ பிரிவில் ஓட வேண்டுமென்றால் அதே காரைக் குறைந்தது 2,500 தயாரித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்காக 1992இல் வெளிவந்ததுதான் எவோ 1, 250 குதிரைத்திறன். அதில் இரண்டு வகை: ஜிஎஸ்ஆர் வீட்டுக்காரர்களுக்கு, ஆர்எஸ் ராலிக்காரர்களுக்கு. ஆர்எஸ்ஸில் ஏசி இல்லை, பவர் விண்டோ இல்லை, எடை குறைய எதையெல்லாம் கழற்றலாமோ அதெல்லாம் இல்லை. நம் ஊர் வெயிலில் அதை ஓட்டுபவருக்குத் தனிப் பரிசே கொடுக்கலாம்.

இரண்டாவது பதாகைதான் சண்டைக்குக் காரணம். எவோ 1 எந்த லான்சர் உடம்பில் கட்டப்பட்டதோ, அதே லான்சரை வைத்துத்தான் 1993இல் புரோட்டோன் நமக்கு வீராவைக் கொடுத்தது. எவோ 1இன் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம், 2,500 மில்லிமீட்டர். வீராவும் 2,500 மில்லிமீட்டர். ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் ராலிக்குப் போனான், இன்னொருவன் டாக்சி ஓட்டினான். வீராவுக்கு முன்சக்கர இயக்கமும் சாதாரண இன்ஜினும்தான், மறுக்கவில்லை. அதே வீரா இங்கிலாந்துக்குப் போய் பெர்சோனா என்ற பெயரில் மலிவு விலைக் குடும்பக் காராக விற்றது. ஜப்பானில் 270 குதிரைத்திறனோடு எவோ 3 ஓடிய காலத்தில், ஏறக்குறைய அதே கதவுகளோடு அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த உறவு இருப்பதால்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் ஹாஃப்கட் வியாபாரமே பிழைத்தது. ஜப்பானில் கழித்த காரைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாவற்றையும் வீராவில் பொருத்தினார்கள். நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் பின்பக்கத் தரையையே வெட்டி வேலை செய்ய வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த போர்மேன்கள் நம் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லையாம்.

1996இல் வந்த எவோ 4 புது உடம்பு. அதோடு வீராவின் உறவு விட்டது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு முறை தொடர்ந்து உலகச் சாம்பியன் ஆனதில் பெரும்பகுதி அந்தப் புது உடம்பில்தான். 1998இல் தயாரிப்பாளர் பட்டமும் கிடைத்தது. மாக்கினன் பெயரில் வந்த சிவப்பு எவோ 6 ஒன்று நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவில் உறைக்குள் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த உறுப்பினர்கள் குறைவு, அதன் உரிமையாளரைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

ஆனால் 2002ஐ மறக்கலாமா? உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை அந்த ஆண்டு வென்றவர் நம் நாட்டு கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓ. ஓட்டிய கார் புரோட்டோன் பெர்ட். அது என்ன கார்? புரோட்டோன் பேட்ஜ் குத்திய லான்சர் எவோ. புரோட்டோன் பேட்ஜ் இருந்தால் ராலி இரத்தம் இல்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மற்ற பதாகைகள் ஊருக்கு ஊர் இந்தக் கார் எப்படி மாறியது என்பதைக் காட்டுகின்றன. ஜப்பானில் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒப்பந்தப்படி 280 குதிரைத்திறனுக்கு மேல் காகிதத்தில் எழுத மாட்டார்கள். 2004 வரை அப்படித்தான். அதே 2004இல் இங்கிலாந்தில் எஃப்கியூ400 என்று விற்ற எவோ 8, அதே இரண்டு லிட்டர் இன்ஜினிலிருந்து 405 எடுத்தது. அமெரிக்காவுக்கு எவோ போய்ச் சேர்ந்ததே 2003இல்தான், அதுவும் போட்டிக் காரான சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் அங்கே நன்றாக விற்பதைப் பார்த்த பிறகு. அங்கே 271 குதிரைத்திறன். பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஆக்டிவ் யா கன்ட்ரோலைக் கழற்றிவிட்டார்கள். ஜப்பானியருக்கோ 2002இலேயே எவோ 7 ஜிடி-ஏ என்று ஆட்டோ கியர் எவோ. தமிழ்நாட்டில் சாதாரண லான்சர் 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. சென்னையில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2001 கடைசியில் மிட்சுபிஷி வேறு விதியின் கீழ் தனி ராலிக் கார் கட்டத் தொடங்கியது. அதன்பின் உலக ராலிக்காக எவோவை ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 2005 முடிவில் கம்பெனியின் சொந்த அணியே விலகிவிட்டது. எவோ 10 வந்தது 2007இல். புது அலுமினிய 4பி11 இன்ஜின், எஸ்எஸ்டி என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், நல்ல கார், நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் மிட்சுபிஷி அணி உலக ராலியில் அதை ஓட்டவே இல்லை. கடைசிப் பதிப்பு ஜப்பானுக்கு 1,000, அமெரிக்காவுக்கு 1,600 என்று முடித்துவிட்டார்கள். ஆக, ராலி இரத்தம்தான் அளவுகோல் என்றால் முதலில் துணை உறுப்பினர் ஆக வேண்டியவர்கள் எவோ 10 வைத்திருப்பவர்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் என்ன கார் ஓட்டுகிறார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. வாசலில் நிற்கிறது.

கணக்கு. வரவு செலவைவிடச் சற்றுக் கூடுதல். பதாகைச் செலவு 'இதர செலவு' என்ற தலைப்பில் வருகிறது. அதில் ஒரு பகுதியை நானே போட்டேன், அதைக் கேட்கவும் போவதில்லை. ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதால் தணிக்கையாளர்கள் தயவுசெய்து தொலைபேசியை எடுக்கவும்.

சந்தா பாக்கி பற்றிப் பெயர் சொல்லிப் பேசுவது நாகரிகமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வீரா வைத்திருப்பவர்களில் பாக்கி உள்ளவர்கள் மிகச் சிலரே. டயருக்கும் எக்ஸாஸ்டுக்கும் செலவழிக்கிற மற்ற அன்பர்களுக்கு 60 ரிங்கிட் மறந்துவிடுகிறது. பெரிய தொகைகள் மறக்காது, சிறியவைதான் மறக்கும் போலிருக்கிறது.

மண்டபம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், லிஃப்ட் கொடுத்து உதவிய பட்டறைக்காரருக்கும், விருந்தில் பரிமாறிய மகளிருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஏழாவது பதாகை ஒன்று செய்ய எண்ணம். ஆசிய பசிபிக் ராலியின் மலேசியச் சுற்று ஜோகூர் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் சாலைகளில் ஓடியது. தோட்டத்தில் வளர்ந்த உறுப்பினர்கள், வேலியோரம் நின்று புழுதி குடித்தவர்கள், பழைய படங்கள் இருந்தால் கொடுத்து உதவுங்கள். அச்சுச் செலவை ஏற்க யாராவது முன்வந்தால் பெயர் கீழே பெரிதாகப் போடப்படும். செயலாளர் பொறுப்பை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். சென்ற கூட்டத்திலும் இதையே சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள், யாரும் எழுந்து வரவில்லை.

ஒத்திவைத்த தீர்மானம் இன்று பிற்பகல் மறுபடி ஓட்டுக்கு வருகிறது. சங்க விதிப்படி சந்தா பாக்கி உள்ளவர்கள் ஓட்டுப் போட முடியாது. மதிய உணவு ஒரு மணிக்கு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்