பத்து வருஷம் எங்கே போனது?

ஜூன் 2013

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லையென்று திட்டாதே, ஊர் சுற்றப் போயிருந்தேன். அதுவும் நீ கோபித்துக்கொண்டு திரும்பிய அதே ஆம்ஸ்டர்டாமுக்கு. 2008இல் நீ போனபோது நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் மியூசியம் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டிக் கிடந்தது, பக்கக் கட்டடம் ஒன்றில் மட்டும் பொறுக்கியெடுத்த படங்களை மாட்டியிருந்தார்கள் என்று புலம்பினாயே! அந்த வருஷமே திறப்பதாகத்தான் திட்டமாம். கடைசியில் இந்த ஏப்ரல் 13ஆம் தேதிதான் ராணி பேயாட்ரிக்ஸ் திறந்து வைத்தார். மாதக் கடைசியில் அவரும் மகனிடம் அரியணையைக் கொடுத்துவிட்டார்.

"ஒரு மியூசியத்தைப் பழுதுபார்க்கப் பத்து வருஷமா?" என்று கேட்டாய். பாதி பதில் சைக்கிளில் இருக்கிறது. பியர் கைப்பர்ஸ் 1885இல் கட்டி முடித்த அந்தக் கட்டடத்தின் வயிற்றைக் குடைந்துகொண்டு ஒரு பொதுவழி போகிறது, நினைவிருக்கிறதா? புதுப்பிக்க வந்த ஸ்பானியக் கட்டடக் கலைஞர்கள் க்ரூஸும் ஓர்டிஸும் நுழைவாயிலை அந்த வழியில் வைக்க நினைத்தார்கள். சைக்கிள்காரர்கள் விடவில்லை. வருஷக்கணக்கில் சண்டை. ஜெயித்தது சைக்கிள்தான்! இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி. உள்முற்றத்தில் நிற்பவர்களைப் பார்த்தபடியே மணியடித்துக்கொண்டு பறக்கிறார்கள். நான் ஓரமாக நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி டிரிங் டிரிங் என்று அடித்து என்னைச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டார்.

மீதிப் பதில் சுரண்டுவது. இரண்டு உள்முற்றங்களிலும் இடம் போதவில்லையென்று பின்னாளில் அறைகளாகக் கட்டி அடைத்திருந்தார்கள். கைப்பர்ஸின் சுவரோவியங்கள்மேல் வெள்ளையடித்திருந்தார்கள். பெரிய கூடத்தின் சில்லுக்கல் தரையையே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் இடித்து, சுரண்டி, திரும்பப் பதிக்க வேண்டியிருந்தது. முற்றங்களைத் தரைக்கடியில் இணைக்கத் தோண்டினால் தண்ணீர் வேறு. செலவு 37.5 கோடி யூரோ. இவ்வளவு செலவழித்ததில் எனக்குப் பிடித்தது புதிதாகச் சேர்த்தது எதுவுமில்லை, எடுத்தெறிந்ததுதான். வாசல் முற்றத்தில் நின்றால் கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் தரைவரை இறங்குகிறது. அதை இத்தனை காலம் அடைத்து வைத்திருந்தார்களே!

படங்களைத் தனியாக, பீங்கானைத் தனியாக வைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். நூற்றாண்டு வாரியாக ஓவியம், மாதிரிக் கப்பல், துப்பாக்கி, நாற்காலி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. சாம்பல் நிறச் சுவர். முதலில் இழவு வீடு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் படங்களின் மஞ்சளும் சிவப்பும் மேலெழுந்து வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவ்வளவு பெரிய கட்டடத்தில் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது ஒரே ஒரு படம்: ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்'. சைக்கிள் போகும் அதே வழியின் கூரையில் நீளமாக ஒரு பிளவு விட்டிருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மேலே ஏற்றினார்களாம். படத்தின் இடது ஓரம் 1715இல் நறுக்கப்பட்டது. நகர மண்டபத்துக்கு மாற்றியபோது அங்கே சுவரில் இடம் போதவில்லையாம்! நீ பக்கக் கட்டடத்தில் பார்த்த அதே படம்தான். ஆனால் நீண்ட கூடத்தின் கோடியில், தூரத்திலிருந்தே தெரிந்து, நடக்க நடக்கப் பெரிதாகி வருகிறது பார், அது உனக்குக் கிடைக்கவில்லை.

மகள் கட்டடக்கலை படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். முற்றத்தின் படம் போட்ட அட்டை ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், அவளிடம் கொடு. நீ வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்