தெரிந்த வாசல் இல்லாத ஊர்கள்

ஔக்ஸ்புர்க்,
செப்டெம்பர் 29

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும் மருமகனும் பேரனும் சுகமாயிருக்க ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் சின்னக் காமாட்சி படம் வாடகைக்கு எடுத்த வான் வண்டியின் கண்ணாடிக்குக் கீழே எங்களோடு வருகிறது.

இரண்டு கிழமையாக வானுக்குள்தான் படுக்கிறோம் என்று அம்மா போனில் சொன்னதும் நீ பதறிப்போனாய். "இந்த வயதில் ஏன் அப்பா, ஒரு ஹோட்டல் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதுதான் எழுதுகிறேன். அம்மா படுத்துவிட்டா. வெளியில் 7 பாகை, ஹீட்டர் மெல்லமாக ஓடுகிறது, யன்னல் கண்ணாடி உள்ளே வேர்த்துப்போய் இருக்கிறது.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது ஞாபகமா? கோடை விடுமுறையில் எங்கே போனீர்கள் என்று ரீச்சர் கேட்க, நீ பாரிஸ் என்று சொன்னாய். ஐஃபல் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டபோது உனக்குப் பதில் இல்லை. நாங்கள் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பல் பக்கத்தில் மாமா வீட்டில் ஐந்து நாள் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நாங்கள் ஏன் எப்பவும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மட்டும் போகிறோம்?" என்று அழுதாய். நான் பேசாமல் இருந்துவிட்டேன். லண்டன், சூரிச், பாரிஸ் எல்லாம் எனக்கு அண்ணை வீடு, மச்சாள் வீடு, கலியாண மண்டபம்தான்.

இப்போது சொல்கிறேன். 1985இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு ஜேர்மனிக்கு வந்து அகதி மனு கொடுத்த பிறகு, என்னை ஒரு சின்ன ஊர் ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில் போட்டார்கள். ஒரு அறையில் நாலு பேர். அந்த நாள் சட்டப்படி எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டுவதென்றால் அலுவலகத்தில் அனுமதிக் கடதாசி எடுக்க வேண்டும். அதில் எங்கே போகிறாய், யாரைப் பார்க்க என்று இரண்டு கேள்வி. ஒரு தைப்பொங்கலுக்குக் கடதாசி இல்லாமல் அண்ணையிடம் போய், ரயிலில் பிடிபட்டு அபராதம் கட்டினேன். பிறகு விசா கிடைத்தது, பாஸ்போர்ட்டும் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டாவது கேள்வி எனக்குள்ளேயே நின்றுவிட்டது. வாசலைத் திறக்க ஒரு தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் போக எனக்குக் கால் வரவில்லை, பிள்ளை. நாற்பது வருடம் இந்த நாட்டில் வேலை செய்தும் நான் பார்த்தது ஓட்டோபான் என்கிற பெருந்தெரு மட்டும்.

வேலையால் நின்று மூன்றாம் மாதம் இந்த வோன்மொபிலை, படுக்கையும் குசினியும் உள்ள வானை, வாடகைக்கு எடுத்தேன். மூன்றரைத் தொன், என்னுடைய பழைய மூன்றாம் வகுப்பு லைசென்ஸில் ஏழரைத் தொன் வரை ஓடலாம். இந்தப் பக்கத்துப் பழைய ஊர்களில் மதிலுக்கு வெளியே வான்கள் நிற்கவென்றே இடம் இருக்கிறது. காசைப் போட்டால் மின்சாரமும் தண்ணீரும் வரும். கழிவுத் தண்ணியை ஊற்றத் தனிக் குழி. வாகனத்தை நேராக நிறுத்தச் சில்லுக்குக் கீழே ஆப்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் இரவெல்லாம் ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருப்போம். அம்மாவின் குசினியில் இரண்டு அடுப்பு. சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு நடக்கிறது. மீன் பொரியல் மட்டும் இல்லை, மணம் படுக்கையில் பிடித்துவிடும்.

தெற்கு ஜேர்மனியில் வூர்ட்ஸ்புர்க்கிலிருந்து ஃபூசன் வரை போகிற பாதை இது. 1950இல் இதற்கு ரொமான்டிஷ ஸ்ட்ராச, அதாவது ரொமான்டிக் பாதை என்று பெயர் வைத்தார்கள். வூர்ட்ஸ்புர்க்கில் ஒரு பகல்தான் நின்றோம். 1945 மார்ச் 16 இரவு, இருபது நிமிடமளவு குண்டுவீச்சில் ஏறக்குறைய 5,000 பேர் செத்த ஊர். அரண்மனையும் எரிந்தது. ஆனால் பெரிய படிக்கட்டுக்கு மேலே பால்தசார் நொய்மன் கட்டிய வளைகூரை விழவில்லை. அதில் இத்தாலிய ஓவியர் தியெபோலோ வரைந்த நாலு கண்டங்களும் அப்படியே இருக்கின்றன. ஆசியா யானை மேல் இருக்கிறாள். அம்மா கழுத்து நோகும்வரை அந்த யானையைப் பார்த்தா. பின்னேரம் ஆற்றுப் பாலத்தில் புது வைன் விற்றார்கள். இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கிறதால் போத்தலை இறுக்கி மூட மாட்டார்கள், படுக்க வைத்தால் ஊற்றிவிடும். இந்த மாதங்களில் மட்டும் கிடைக்கும். ஒரு வாய் குடித்ததும் எங்கள் பனங்கள்ளு ஞாபகம் வந்தது.

ரோத்தன்புர்க் படத்தில் பார்த்ததைவிட வடிவு. ஆனால் வடிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1520இல் யூதரைத் துரத்திய ஊர் அது, 1938 ஒக்டோபரில் மிஞ்சியிருந்த சிலரையும் துரத்தியது. 1945 மார்ச் 31 குண்டில் மதிலின் ஒரு பகுதி போனது. உலகம் முழுக்கப் பலர் காசு கொடுத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், கொடுத்தவர்களின் பெயர் மதில் கல்லில் இருக்கிறது. ஜப்பான் பெயர்கள் கனக்க. நான் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே நடந்தேன்.

டிங்கெல்ஸ்பூலில் மழை. கோயிலைப் பார்த்துவிட்டு வானுக்குள் இருந்தோம்.

நேர்ட்லிங்கனைப் பற்றித்தான் உனக்குக் கனக்கச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து 25 கிலோமீட்டர் அகலக் குழி வந்தது. அந்தக் குழிக்குள்தான் ஊர். எரிமலை வாய் என்றுதான் கன காலம் நினைத்திருந்தார்கள். 1960இல் ஷூமேக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் சாவோ என்பவரும் கல்லை ஆராய்ந்து உண்மையைக் காட்டினார்கள். 1970இல் நிலவுக்குப் போகிறவர்களை இங்கே கூட்டிவந்து கல் படிக்கப் பழக்கினார்கள். பெரிய கோயிலைக் கட்டினதும் அந்த மோதலில் உருவான பாறையால்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வைரத் துகள் இருக்கிறதாம். அம்மா சுவரில் கையை வைத்துக்கொண்டு கன நேரம் நின்றா.

90 மீட்டர் கோபுரத்தில் 350 படி. முழங்கால் நோவோடு நான் ஏறினேன். மேலிருந்து பார்க்க ஊர் ஒரு வட்டம், சிவப்புக் கூரைகளைச் சுற்றி மதில், தூரத்தில் அந்தக் குழியின் விளிம்பு மேடாக. மதிலுக்கு மேலே கூரை போட்ட நடைபாதை, 2.7 கிலோமீட்டரும் அறாமல் சுற்றி வரலாம். மறுநாள் அம்மாவோடு சுற்றினேன். இரவு பத்து மணிக்குக் கோபுரக் காவலாளி மேலே நின்று "சோ, க்ஸெல், சோ" என்று நீட்டிக் கூப்பிட்டார். அரை மணிக்கு ஒருக்கால், நடுச்சாமம் வரை. வாசல் பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பழைய காலத்து வழக்கம். நானும் அம்மாவும் இருட்டில் கோயிலடியில் நின்று கேட்டோம். எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்கு இங்கே ஃபுக்கராய் பார்த்தோம். யாக்கோப் ஃபுக்கர் என்ற பணக்காரர் ஏழைகளுக்காக 500 வருடத்துக்கு முன் கட்டின குடியிருப்பு. இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். வருட வாடகை 88 யூரோ சதம், ஒரு நாளைக்கு மூன்று செபம். இரவு பத்துக்கு வாசல் பூட்டு; பிந்தி வந்தால் காவலாளிக்குச் சில்லறை கொடுக்க வேண்டும். மோசார்ட்டின் பூட்டனும் இங்கே இருந்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனி மணி. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டை அறியட்டும் என்று மணியின் கைபிடிகள் வேறு வேறு வடிவம். எனக்கு ஹைமின் நீளமான நடைவழி ஞாபகம் வந்தது, எல்லாக் கதவும் ஒரே நிறம். அங்கே ஒரு வாங்கில் இருந்துதான் அந்தக் கடதாசிக் கதையை அம்மாவுக்கு முழுதாகச் சொன்னேன். முப்பத்தைந்து வருடத்தில் முதல் தரம்.

இந்த ஊரில் இப்போது பிளம்ஸ் கேக் காலம், மாவுக்கு மேல் பழத்தைப் பிளந்து நெருக்கி அடுக்குகிறார்கள். அம்மா செய்முறை கேட்டு எழுதி வைத்திருக்கிறா, உனக்கு அனுப்புவா. நாலு பேர் படுக்கிற வானும் இருக்கிறதாம். அடுத்த செப்டெம்பரில் நீங்கள் வருவதென்றால் இப்போதே சொல்லு. பாரிசில் தொடங்கலாம். மாமாவுக்கு முதலில் சொல்லத் தேவையில்லை.

நாளைக்கு ஃபூசன். அங்கேயும் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

அன்புடன்,
அப்பா